எல்லியின் பிள்ளைகள்

எல்ஃப் என்ற சொல்லை முதலில் என் தோழி எலும்பு என்றுதான் காதில் வாங்கினாள். "எலும்பா? எலும்புக்கு எதுக்குண்ணே வில்லும் அம்பும்?" என்று கேட்டாள். அண்ணனுக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு செருப்புக் கடையின் மாடியில் அண்ணன் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திவந்தார். கூடப் பிறந்தவர் இல்லை. எல்லோருக்கும் அவர் அண்ணன். பெங்களூரில் வேலை பார்த்தவர், தகப்பனார் படுக்கையில் விழுந்ததும் ஊருக்கே வந்துவிட்டார். வரும்போது சுருள்கம்பி போட்டு பைண்டு செய்த தடித்த ஜெராக்ஸ் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். அது ஒரு விளையாட்டின் விதிப் புத்தகம்.

அந்த விளையாட்டுக்குப் பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, என் ஆள் இந்த ஆற்றைத் தாண்டுகிறாள், என் ஆள் அந்தக் கதவை உடைக்கிறான் என்று சொல்ல வேண்டும். முடிந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். புத்தகம் கேட்ட பல முகப் பகடைகள் எங்களுக்குக் கிடைக்கவில்லை. தோழி வீட்டிலிருந்து பித்தளைத் தாயக்கட்டைகளை எடுத்து வந்தாள். ஞாயிறு மதியம் வகுப்பு இருக்காது. நாலு பேரும் சென்டரில் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிடுவோம்.

நாலு பேர் என்றால், கதை சொல்லும் அண்ணன். அங்கே டைப்பிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த நான். கணக்கு மென்பொருள் கற்க வந்த என் தோழி. சின்னாளபட்டிக்காரி, வீட்டில் சுங்குடிச் சேலைத் தறி ஓடியது. நாலாவது, தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு, கம்ப்யூட்டரில் அச்சுக்கோக்கும் டிடிபி பழக வந்தவர். எரியோட்டுக்குப் பக்கத்தில் முருங்கையும் கடலையும் போடுகிற வீடு. அவரைத்தான் பின்னால் நான் கல்யாணம் செய்துகொண்டேன்.

காட்டில் வாழும் மாய இனமான எல்ஃபைத் தமிழில் என்னவென்று சொல்வது என்று ஒரு மதியம் முழுக்கப் பேசினோம். வனதேவதை என்றேன் நான். தேவதைக்குச் சாவு வராது, இவர்களுக்கு வரும் என்றார் அண்ணன். குட்டிச்சாத்தான் என்றாள் தோழி. தமிழ் எம்.ஏ. யோசித்துவிட்டு, "எல்லர்னு வச்சுக்கலாம். பழைய தமிழ்ல எல்லுன்னா வெளிச்சம், சூரியன். அவங்கதான் மினுமினுன்னு இருப்பாங்கன்னு போட்டிருக்கே" என்றார்.

நல்ல பெயராகத்தான் இருந்தது. ஆனால் அவரே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். "எல்லின்னும் ஒரு சொல் இருக்கு. அதுக்கு ராத்திரின்னு அர்த்தம்" என்று சேர்த்துச் சொன்னார்.

"அப்ப அவங்க வெளிச்சத்தோட பிள்ளைகளா, ராத்திரியோட பிள்ளைகளா?" என்று நான் கேட்டேன்.

புத்தகத்தைப் புரட்டினோம். தெய்வங்களைப் பற்றிய அத்தியாயம், எல்லர்களை எந்தத் தெய்வம் படைத்தது என்று சொல்லத் தொடங்கும் இடத்தில் பாதி வாக்கியத்தோடு நின்றிருந்தது. அதற்கு மேல் யாரும் ஜெராக்ஸ் எடுத்திருக்கவில்லை. அந்தப் பக்கங்கள் எங்களுக்குக் கடைசிவரை கிடைக்கவே இல்லை.

அதனால் தெய்வங்களை நாங்களே உண்டாக்க வேண்டியதாயிற்று. தமிழ் எம்.ஏ. சொன்ன கதையில், சூரியன் ஒருநாள் களைத்துப்போய்த் தன் வெளிச்சத்தில் கொஞ்சத்தைக் காட்டில் உதறிவிட்டுப் போனான். அது எழுந்து நடந்தது. அவர்கள்தான் எல்லர். செத்தால் வெளிச்சம் வெளிச்சத்தோடு சேர்ந்துவிடும். இங்கே எதுவும் மிஞ்சாது. என் கதை வேறு. எல்லி என்று ஒரு தாய். பகலில் ஆட்களுக்கு ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிவதால், யாரும் யார் குரலையும் கேட்பதில்லை. கேட்பதற்கென்று அவள் பெற்ற பிள்ளைகள் எல்லர். செத்தால் எங்கேயும் போக மாட்டார்கள். விழுந்த மரத்தடியில் இருட்டு அவர்களை வைத்துக்கொள்ளும்.

"ரெண்டுமில்ல," என்பாள் தோழி. "எங்க ஆளுக மாதிரி எங்கிட்டிருந்தோ பொழைக்க வந்தவங்க. வந்தப்பறம் நாலு கதை சொல்லிக்கிட்டாங்க. தாயத்தப் போடுங்கப்பா."

இரண்டு கதைக்கும் கோயில்கள் வந்தன, பூசாரிகள் வந்தார்கள், விளையாட்டுக்குள் ஒரு போரே வந்தது. கட்டை உருட்டித் தீர்த்துவிடலாம் என்று தமிழ் எம்.ஏ. கேட்டபோது அண்ணன் ஒப்பவில்லை. "கட்டை சண்டைக்குத்தான். சாமிக்கு இல்ல. பக்கம் இல்லைல? அப்ப ரெண்டு கதையும் இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. ஒருநாள் சென்டர் படியிறங்கும்போது தமிழ் எம்.ஏ. திரும்பிப் பார்க்காமலே என்னிடம் கேட்டார்: "எங்கூட இருக்க உங்களுக்குச் சம்மதமா?" என் பையில் வைத்திருந்த குடையைத் தேடுவதுபோலத் தேடிக்கொண்டே சம்மதம் என்றேன்.

நாங்கள் கிறிஸ்தவர்கள். செம்பட்டியில் அப்பா உரக்கடை வைத்திருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் அப்பா எழுந்து கடைக்குப் போய்விட்டார். அம்மா மட்டும் கேட்டாள்: "பொறக்குற பிள்ளைய எந்தச் சாமிகிட்ட கொண்டுபோவ?" எரியோட்டில் அவருடைய அம்மாவும் கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில் கேட்டிருக்கிறார். பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. அண்ணனும் தோழியும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். மூன்றாவது கையெழுத்துக்கு, சென்டருக்குக் கீழே இருந்த செருப்புக் கடைக்காரரைக் கூட்டிவந்தோம். இரண்டு வீட்டிலிருந்தும் யாரும் வரவில்லை.

நாகல் நகரில் ஒரு சின்ன வாடகை வீடு எடுத்தோம். அவருக்கு ஒரு தனியார் பள்ளியில் தமிழ் ஆசிரியர் வேலை கிடைத்தது. விளையாட்டு எங்கள் வீட்டுக்கு இடம் மாறியது. ஞாயிறு காலையிலேயே தோழி வந்து எனக்குச் சமையலில் ஒத்தாசை செய்வாள். அண்ணன் வரும் வழியில் கறி வாங்கி வருவார். சாப்பிட்டு இலையை எடுத்ததும் கட்டை உருளும். நான் முழுகாமல் இருந்தபோது, பிறக்கப்போவது எந்தக் கோயிலைச் சேரும் என்று பந்தயம்கூட வைத்தார்கள். எரியோட்டுக் கோயிலையும் சொல்லவில்லை, செம்பட்டி ஆலயத்தையும் சொல்லவில்லை. சூரியனா எல்லியா என்பதுதான் பந்தயம். அந்த ஒரு கேள்வியை மட்டும் எங்களால் சிரித்துக்கொண்டே கேட்க முடிந்தது.

எட்டாவது மாதம். அதுவும் ஒரு ஞாயிறு மதியம்தான். அண்ணன் கதையில் நாங்கள் ஒரு பாலத்தின் நடுவில் நின்றிருந்தோம். எனக்கு இடுப்பில் சுரீரென்றது. எழுந்தேன். புடவை நனைந்திருந்தது. தோழிதான் முதலில் பார்த்தாள். "ஐயோ, ரத்தம்டி" என்று கத்தினாள்.

அண்ணன் ஆட்டோ பிடிக்க ஓடினார். ஆஸ்பத்திரியில் என்னைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். கதவுவரைக்கும் என் கணவர் என் விரலைப் பிடித்துக்கொண்டே வந்தார். உள்ளே டாக்டரம்மா, "பயப்படாத, தூங்க வைக்கிறோம்" என்றார். அதற்கப்புறம் நடந்த எதுவும் எனக்குத் தெரியாது. என் மகள் இந்த உலகத்துக்கு வந்த நேரத்தில் நான் அங்கே இல்லை.

கண் விழித்தபோது ஜன்னலில் வெயில் சாய்ந்திருந்தது. என் கணவர் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டேன்.

"என்ன பிள்ளை?"

"பொண்ணு."

"எங்க?"

"எங்கப்பா வந்தாரு. தூக்கிட்டுப் போயிருக்காரு." பிறகு என் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு சொன்னார்: "கண்ணு தொறந்திருந்துச்சு. என்னையப் பாத்தா."

கல்யாணத்துக்குப் பிறகு ஒரு தடவைகூட எங்கள் வாசலை மிதிக்காத மாமனார், அண்ணன் எரியோட்டுக் கடை ஒன்றுக்குப் போன் போட்டுச் சொன்னதும் தோட்டத்தில் கட்டியிருந்த வேட்டியோடே பஸ் ஏறிவிட்டார். செம்பட்டியிலிருந்து என் அப்பாவும் வந்திருந்தார். பிள்ளையை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தபோது, ஆலயத்துக் கல்லறைத் தோட்டத்தைப் பற்றி அப்பா ஏதோ தொடங்கியிருக்கிறார். மாமனார் அவரைப் பார்த்து, "எங்க கடலைக் காட்டுலயே வச்சிருவோம். நான் பாத்துக்கிறேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அப்பா தலையாட்டிவிட்டாராம். இதையெல்லாம் அண்ணன்தான் எனக்குச் சொன்னார். அவரும் கூடப் போயிருந்தார்.

"ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கிரலம்மா. மம்பட்டிய மட்டும் மாத்தி மாத்தி வாங்கிக்கிட்டாங்க. உங்கப்பா முட்டி போட்டு ஜெபம் பண்ணாரு. அதுவரைக்கும் உங்க மாமனாரு துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு நின்னாரு. அப்பறம் அவரு சூடம் கொளுத்துனாரு. உங்கப்பா அணையாம கையக் குடுத்து மறைச்சுக்கிட்டாரு." இதைச் சொல்லும்போது அண்ணன் அழுதார். நான் அழவில்லை. என் மார்பில் பால் கட்டி வலித்துக்கொண்டிருந்தது.

என்னைப் பார்த்துக்கொள்ள அம்மா வந்தாள். சண்டையெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பத்தியக் குழம்பு வைத்தாள், வெந்நீர் ஊற்றினாள், தலையைத் துவட்டிவிட்டாள். ஒருநாள் துவட்டிக்கொண்டே பின்னாலிருந்து கேட்டாள்.

"பாப்பா உயிரோட பொறந்துச்சா?"

"ஏம்மா?"

"உயிரு இருந்திருந்தா யாராச்சும் தண்ணி ஊத்திப் பேரு வச்சிருக்கலாம். அவசரத்துக்கு யாரு வேணும்னாலும் ஞானஸ்நானம் குடுக்கலாம். யாருக்கும் தோணல போலருக்கு."

"கண்ணத் தொறந்து அவரப் பாத்தாளாம்மா."

அம்மா துண்டை என் தலையிலேயே விட்டுவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். அன்றிலிருந்து எனக்கு என் மகளின் கண்தான் நினைப்பு. என்ன நிறம், எவ்வளவு நேரம் பார்த்தாள், என்ன தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே கிடப்பேன். நினைக்க என்னிடம் வேறு எதுவும் இருக்கவில்லை. அவள் முகத்தையே நான் பார்க்கவில்லையே.

சில வாரங்கள் கழித்துத் தோழி வந்திருந்தாள். பக்கத்து வீட்டில் ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதது. அவள் தன்னையறியாமல், "நானும் அந்தக் கதவுகிட்டயே நின்னேன்டி. ஒரு சத்தம் வந்துராதான்னு காத்துக்கிட்டிருந்தேன். அழவே இல்ல. அசையவே இல்லன்னு சொல்லித்தான் வெளிய கொண்டாந்தாங்க" என்றாள். சொன்ன பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவள் பொய் சொல்கிறவள் இல்லை. அவரும் இல்லை.

தையல் காட்டப் போனபோது டாக்டரம்மாவிடமே கேட்டேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டுப் பொறுமையாகப் பதில் சொன்னார். "மூச்சு வரலம்மா. இதயத் துடிப்பு மட்டும் ரொம்ப லேசா இருந்துச்சு. எவ்வளவோ பாத்தோம். அதுவும் நின்னுருச்சு."

"கண்ணத் தொறந்தாளா?"

"உனக்கு அவ்வளவு ரத்தம் போயிருச்சு. நான் உன்னையத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

துடிப்பு இருந்தது, மூச்சு இல்லை. இதை நான் அம்மாவிடம் என்னவென்று சொல்வேன்? எனக்கே நான் என்னவென்று சொல்லிக்கொள்வேன்? இரண்டு கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு உலகத்தையே ஓட்டியவர்கள் நாங்கள். இந்த ஒன்றில் மட்டும் எனக்கு ஒரே ஒரு கதைதான் வேண்டியிருந்தது. அவரிடம் கேட்கவும் பயமாக இருந்தது. கேட்டால் அந்தக் கண்ணும் என்னிடமிருந்து போய்விடும்.

அதற்குப் பிறகு அவர் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பேசுவதே இல்லை. காப்பியைக் குடித்துவிட்டு மாணவர்களின் நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்துவிடுவார். எங்களைப் பார்க்கப் பொறுக்காமல் அண்ணனும் தோழியும்தான் மறுபடி விளையாட ஏற்பாடு செய்தார்கள். மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு. அண்ணன் வேண்டுமென்றே லேசான கதையாக எடுத்துவந்திருந்தார். காட்டு வழியே ஒரு சந்தைக்குப் போகிறோம், அவ்வளவுதான். எங்கள் கூட்டத்துக்கு வழிகாட்டியாக ஒரு எல்லர் குலத்துப் பெண் வந்தாள். வழியில் ஓநாய்கள் வந்தன. தோழி உருட்டினாள். மோசமாக விழுந்தது. வழிகாட்டிப் பெண் செத்துப்போனாள்.

"சரியா விழலம்மா, மறுபடி போடு" என்றார் அண்ணன் பதறிப்போய்.

"போட்டது போட்டதுதாண்ணே" என்றார் என் கணவர்.

எங்கள் விளையாட்டில் யாராவது இறந்தால், கூட இருப்பவர்களில் ஒருவர் இரண்டு வரி சொல்லி வழியனுப்ப வேண்டும். அவருடைய பாத்திரம் சூரியன் கோயில் பாணன் என்பதால் எப்போதும் அவர்தான் சொல்வார். ஒளி ஒளியோடு சேர்ந்தது, இங்கே மிச்சம் ஒன்றுமில்லை என்று முடிப்பார். அன்றைக்குத் தரையைப் பார்த்தபடியே மெல்லச் சொன்னார்:

"இவள் எல்லியின் பிள்ளை. எங்கேயும் போகவில்லை. இந்த மரத்தடியில் இருட்டு இவளை வைத்துக்கொள்ளும். அம்மா வந்தால் இவளுக்குக் குரல் தெரியும்."

அது என்னுடைய கதை. நாலு வருஷமாக அவர் ஒத்துக்கொள்ளாத கதை.

"உங்க கதைய ஏன் மாத்துறீங்க?" என்றேன்.

அவர் தரையில் கிடந்த கட்டைகளை ஒன்றாகச் சேர்த்தார்.

"நெசமாச் சொல்லுங்க. கண்ணத் தொறந்தாளா?"

தோழி எழுந்து சமையலறைக்குப் போனாள். அண்ணனும் எழுந்து வெளியே போய், தூறலில் போய் நின்றுகொண்டார். என் கணவர் கட்டைகளைக் கையில் எடுத்து, உருட்டாமல் இறுக்கி வைத்துக்கொண்டார்.

"என்னைய உள்ள விடல. ஒரு துணியில சுத்தி நர்ஸ் கொண்டாந்து குடுத்தாங்க. முடிஞ்சுருச்சுன்னு சொல்லித்தான் குடுத்தாங்க. கனமாத்தான் இருந்தா. நான் தூக்கிப் பாக்குறேன், ஒரு கண்ணு லேசாத் தொறந்திருக்கு. என்னையத்தான் பாத்துச்சு. நான் பேசினேன். உன் பேரச் சொன்னேன், அம்மா தூங்குறான்னு சொன்னேன். எங்கப்பா வர்ற வரைக்கும் அப்படியே வச்சிருந்தேன். அப்பறம்..." கட்டைகளைக் கீழே வைத்தார். "அப்பறம் நான்தான் மூடினேன். இந்த விரலால."

பெருவிரலை என்னிடம் காட்டினார். நான் அந்த விரலைப் பிடித்துக்கொண்டேன். அதுதான் என் மகளைத் தொட்ட விரல். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. அவரும் அழுதார். தோழி சமையலறை வாசலில் நின்று முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதாள். பொழுது சாய்ந்ததும் அவளே வந்து எல்லோருக்கும் ராத்திரிச் சோறு போட்டாள். யாரும் சாப்பிடவில்லை.

அதுதான் நாங்கள் கடைசியாக விளையாடியது. அண்ணன் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "வாரேன்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு யாரும் யாரையும் கூப்பிடவில்லை. தோழிக்குக் கரூரில் கல்யாணமானது. தெருவுக்குத் தெரு பிரௌசிங் சென்டர் வந்ததும் அண்ணன் கம்ப்யூட்டர் சென்டரை மூடிவிட்டு மறுபடி பெங்களூர் போனார். பொங்கலுக்குப் பேசுவார், உடம்பைப் பற்றிக் கேட்பார், வேலையைப் பற்றிக் கேட்பார், விளையாட்டை எடுக்கவே மாட்டார்.

நானும் என் கணவரும் சேர்ந்துதான் இருந்தோம். அது அத்தனை லேசாக இருக்கவில்லை. உண்மை தெரிந்தால் பாரம் குறையும் என்று நினைத்திருந்தேன். எங்களுக்கு நடந்தது வேறு. அவர் தன் பங்கை என்னிடம் சொல்லிவிட்டார். என்னிடம் அவருக்குச் சொல்ல எதுவும் இல்லை, நான் தூங்கிக்கொண்டிருந்தேன். அவளை வயிற்றில் சுமந்தவள் நான், கையில் சுமந்தவர் அவர். சில நாட்களில் எனக்கு அவர்மேல் பொறாமையாகக்கூட இருந்தது. அதை அவரிடம் சொன்னபோது, "நீ எட்டு மாசம் வச்சிருந்த. எனக்குச் செத்த நேரம்தான் கெடைச்சுச்சு" என்றார்.

மாமனார் காட்டுக்கு எங்களைக் கூட்டிப்போனது அடுத்த கோடையில். கிணற்று மேட்டுக்கு அந்தப் பக்கம், முருங்கை வரிசை முடியும் இடம். அங்கே உழவில்லை, எதுவும் நடவில்லை. அடையாளத்துக்குக் கல்லும் வைக்கவில்லை. "இந்தா, இங்கனதான்" என்று கையைக் காட்டிவிட்டு, நாங்கள் தனியாக இருக்கட்டும் என்று மோட்டார் அறைப் பக்கம் போய்விட்டார். நான் தரையில் கையை வைத்தேன். வெயிலில் மண் சுட்டது. என்ன சொல்வதென்று தெரியாமல், "அம்மா வந்துருக்கேன்" என்று மட்டும் சொன்னேன்.

மூன்று வருஷம் கழித்து எங்களுக்கு ஒரு மகன் பிறந்தான். நான் முழித்திருந்தபோதே பிறந்தான். என் காதில் விழும்படி பெரிய சத்தமாக அழுதான். அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் அழுததை, சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டு நர்ஸ் என் கன்னத்தைத் தட்டினார்.

அவனுக்குத் தடுப்பூசி போட சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தோம். புதிதாக வந்திருந்த நர்ஸ், நல்ல கலகலப்பான பெண். ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே பேச்சுக் கொடுத்தார்.

"இது எத்தனாவது பிள்ளை?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் சொன்னார்: "ரெண்டாவது."

"அப்படியா! மொதப் பிள்ளை என்ன, பையனா பொண்ணா?"

"பொண்ணு" என்றார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. மகனின் காலைப் பிடித்துக்கொள்வதுபோலக் குனிந்துகொண்டார்.

"கூட்டிட்டு வரலையா? எங்க இருக்கா?"

"ஊர்ல இருக்கா," என்றேன் நான். "அவங்க தாத்தாகிட்ட."

"சரி சரி, அவரு நல்லாப் பாத்துக்கிருவாரு" என்று சிரித்தபடியே அந்தப் பெண் மகனின் தொடையில் ஊசியை இறக்கினார். அவன் ஆஸ்பத்திரி அதிர அழுதான். என் கணவர் அவனை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, முதுகைத் தட்டிக்கொண்டே வெளி வராந்தாவுக்குப் போனார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் போனேன்.